ஒரு வாய்தாவுக்கு ஒரு சாண்

வெளிநாட்டவர் தங்கும் இல்லத்தின் பெரிய கூடத்தில், வழக்குக்கு வாய்தா கொடுக்கும்போதெல்லாம் கூரை ஒரு சாண் கீழே இறங்கியது. முதல் வருஷம் இது யாருக்கும் தெரியாது. அந்தக் கூடம் ஒரு காலத்தில் சர்க்கரை மூட்டை அடுக்கும் கிடங்காக இருந்தது. லாரி அப்படியே உள்ளே வந்து சரக்கை இறக்கிவிட்டுப் போகும் அளவுக்கு உயரம். அவ்வளவு உயரத்தில் இருக்கும் காங்கிரீட் கூரை ஒரு சாண் இறங்கினால் யார் அண்ணாந்து பார்த்து அளக்கப் போகிறார்கள்? காற்றுக்காகச் சுவரின் உச்சியில் வைத்திருந்த சின்ன ஜன்னல்களின் மேல் பாதி முதலில் மறைந்தது, பிறகு கீழ்ப் பாதியும் மறைந்தது. உள்ளே புழுக்கம் தாங்க முடியவில்லை. வெயில் காலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். வெளியே தெருவில் போகிற எங்களுக்குக் கட்டடம் எப்போதும் போலத்தான் தெரிந்தது, ஒரு விரல்கூடக் குறையவில்லை.

அது சிறை இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகாரிகளிடம் எதைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். குற்றம் செய்தவனைத்தான் சிறையில் வைப்பார்கள். இங்கே இருந்தவர்கள் குற்றம் ஒன்றும் செய்யவில்லை, சரியான காகிதம் இல்லாமல் நாட்டுக்குள் இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே இவர்கள் கைதிகள் இல்லை, இல்லவாசிகள். சிறை என்றால் ஒரு ஆளுக்கு இவ்வளவு இடம், இவ்வளவு காற்று வேண்டும், நீதிபதி அவ்வப்போது வந்து பார்க்க வேண்டும், உள்ளே ஒருவன் செத்தால் எப்படிச் செத்தான் என்று விசாரிக்க வேண்டும் என்றெல்லாம் சட்டம் இருக்கிறது. சிறை இல்லாத இடத்துக்கு அந்தச் சட்டம் எதற்கு? திருடனுக்காவது வெளியே வரும் நாள் தெரியும். இவர்களுக்கு அதுவும் தெரியாது, ஏனென்றால் தண்டனை என்று ஒன்று கொடுத்தால்தானே அது முடிவதற்கு. வாசலில் தொங்கிய பூட்டு மட்டும் சிறையில் பூட்டுகிற அதே பூட்டு.

கூரை இறங்குவதை முதலில் கண்டுபிடித்தவன் நெட்டை. அவனுக்கு வேறு நல்ல பெயர் இருந்தது, ஆனால் அந்த உயரத்தைப் பார்த்தபிறகு யாருக்கும் அந்தப் பெயர் வாயில் வராது. எலக்ட்ரீஷியன். சாதாரண வீடுகளில் ஏணி இல்லாமல் தரையில் நின்றபடியே மின்விசிறி மாட்டிவிடுவான். சொந்த ஊரில் வீடு எரிந்து, இருந்தது எல்லாம் போனபிறகு, படகேறித் தங்கையிடம் வந்து சேர்ந்தவன். தங்கை அதற்கு வெகுநாள் முன்பே முறையான காகிதத்தோடு வந்து, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஒளிந்து ஒளிந்து வேலைக்குப் போய் வருவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "நேரா போய் நம்ம நெலமையச் சொல்லிடுண்ணே. ஒளிஞ்சுக்கிட்டு இருந்தாத்தான் தப்பு" என்று அவள்தான் சொன்னாள். சட்டைக்கு அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அவன் தலையைப் படிய வாரிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனான். ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கையெழுத்தை வாங்கிக்கொண்டு கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். தானாக வந்து சொன்னவனை உள்ளே வைப்பார்கள் என்று அண்ணனுக்கும் தோன்றவில்லை, தங்கைக்கும் தோன்றவில்லை. அந்த அளவுக்கு ஒழுங்கானவர்கள் இரண்டு பேரும்.

பெரிய கூடத்தில் இருந்த எல்லோருடைய வழக்கையும் ஒரே கட்டாகக் கட்டி, ஒரே நாளில் விசாரணைக்குப் போடுவார்கள். இவர்களை வேனில் ஏற்றி நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போவது வீண் அலைச்சல் என்பதால், கூடத்தில் ஒரு டிவியும் கேமராவும் வைத்திருந்தார்கள். டிவியில் முதலில் வருபவர் டவாலி. நீதிபதிக்கு முன்னால் நடந்து வந்து, சத்தம் போட்டு ஆட்களை எழுப்புவதுதான் அவர் வேலை. ஒல்லியான மனிதர், குரல் மட்டும் ஆளைவிடப் பெரியது. அவர் "எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று இழுத்துக் கத்தினால் நீதிமன்றத்தில் இருக்கிறவர்களோடு சேர்ந்து, கிடங்கில் இருக்கிறவர்களும் எழுந்து நிற்க வேண்டும். எழாதவனுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு கிடையாது. பிறகு நீதிபதி அம்மா வந்து உட்காருவார். அரசு வக்கீல் ஏதாவது ஒன்று சொல்வார். கோப்பு வரவில்லை என்பார், மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல் என்பார், மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை என்பார். அம்மா பேனா மூடியைத் திறந்து, வாய்தா என்று எழுதி, மூடிவிட்டு அடுத்த கட்டுக்குக் கையை நீட்டுவார். கிடங்கில் அந்த நேரத்தில் சுவரோரமாகக் கொஞ்சம் சுண்ணாம்பு உதிரும். எறும்பு மருந்து என்று நினைத்துக் கூட்டித் தள்ளுவார்கள்.

ஒருநாள் நெட்டை துண்டை உதறும்போது, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி அதைப் பிடுங்கிக்கொண்டது. மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. மின்விசிறியோடு பழகிய உடம்பு அது. எந்த உயரத்தில் மாட்டினால் கைக்கு எட்டும், எட்டாது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த வாய்தாவுக்கு முன்னாலும் பின்னாலும் சுவரில் கையை வைத்து அளந்தான். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை, அச்சு அசலாக ஒரு சாண். கூடத்தில் இருந்த பஸ் டிரைவரிடம் சொன்னான். டிரைவர் மூச்சிரைப்புக்காரர், எதையும் பாதி வாக்கியத்தில் முடிப்பவர். "வெளிய சொல்லாத. பைத்தியம்னு அதுக்கு ஒரு தனி ரூம்..." என்றார். மின்விசிறிகளை நெட்டையையே ஸ்டூல்கூட இல்லாமல் நிற்க வைத்துக் கழற்றச் சொன்னார்கள். மின்சாரம் மிச்சமாகிறது என்று இல்லக் கண்காணிப்பாளருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

தங்கை வாராவாரம் பார்க்கப் போவாள். பார்வையாளர் அறை வேறு கட்டடம், அங்கே கூரை கூரையாகத்தான் இருந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் வந்து நிற்கும்போது அவன் உச்சந்தலை வெள்ளையாக இருந்ததைப் பார்த்து, கவலையில் நரைத்துவிட்டது என்று வீட்டுக்குப் போய் அழுதாள். அடுத்த வாரம் அவன் தலையைத் தட்டிக் காட்டினான், சுண்ணாம்புப் பொடி கொட்டியது. "கூரை எறங்குது பாப்பா. வாய்தாவுக்கு ஒரு சாண்" என்றான். அண்ணனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தாள். வாரங்கள் போகப்போக அவன் முதலில் கழுத்தை மடித்துக்கொண்டு வந்தான், பிறகு தோளை மடித்துக்கொண்டு வந்தான், பிறகு இடுப்போடு குனிந்து வந்தான். நேராக நிற்கச் சொன்னாள். நிற்கிறேன் என்று முயற்சி செய்து பார்த்தான், பாதியில் வலி பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அவள் சலவைக்கூடத்துக்குத் திரும்பிப் போகாமல் நேராக வக்கீல் வீட்டுக்குப் போனாள்.

வக்கீல் நல்லவர். கேட்டதை நம்பாவிட்டாலும் கேட்டபடியே எழுதி மனு போட்டார். கூரை இறங்குகிறது என்று எழுதியிருந்த மனுவைப் பார்த்து நீதிமன்றமே சிரித்தது. அரசுத் தரப்பு சிரித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை, ஒரு பொறியாளரை அனுப்பியது. பொறியாளர் மொட்டைமாடியில் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். உள்ளே வந்து குனிந்தபடியே சுற்றிப் பார்த்தார். தலையில் ஒருமுறை இடித்துக்கொண்டார். பிறகு சான்று எழுதிக் கொடுத்தார்: கட்டடம் வரைபடத்தில் உள்ளபடியே இருக்கிறது, கூரை அசையவில்லை, தரையும் உயரவில்லை, இல்லத்தில் வழங்கப்படும் சத்தான உணவினால் இல்லவாசிகள் வளர்ந்திருக்கிறார்கள். இது நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. யாரும் எழுந்து ஏன் ஐயா, நாற்பது வயதுக்காரன் வளருவானா என்று கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான். கூரை இறங்கியதை நான் எப்படியோ ஒப்புக்கொண்டுவிட்டேன், அந்தச் சான்றை ஒப்புக்கொள்ள முடியவில்லை. வக்கீல் பதில் சொல்ல அவகாசம் கேட்டார். அதற்கும் ஒரு வாய்தா போட்டார்கள். வக்கீலுக்கு விஷயம் புரிந்தது அதற்குப் பிறகுதான். தான் கேட்ட அவகாசத்தில் ஒரு சாண் போயிற்று என்று தங்கை சொன்னபோது அவர் முகம் செத்துவிட்டது.

அடுக்குக் கட்டில்களின் மேல் அடுக்கை அறுத்து எடுத்தார்கள். பிறகு கீழ் அடுக்கின் கால்களை அறுத்தார்கள். பிறகு கட்டிலே வேண்டாம் என்று பாய் விரித்தார்கள். நின்றவர்கள் குனிந்தார்கள், குனிந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கழிப்பறைக்கு முழங்காலால் நடந்து போனார்கள், முட்டியில் எல்லோருக்கும் காய்ப்பு. டிவியும் கேமராவும் கூடவே கீழே இறங்கின. ஆகவே திரையில் எப்போதும் போலத் தலைகள் தெரிந்தன, ஒரே வரிசையாக, ஒழுங்காக. அவர்கள் எழுந்து நிற்பதுதான் இடைஞ்சலாக இருந்தது. டவாலி கத்தியதும் பழக்கத்தில் எழுந்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கண்காணிப்பாளர் யோசித்து, நீதிபதி வந்து உட்கார்ந்தபிறகு டிவியைப் போடச் சொல்லிவிட்டார். அவர் கொடுமைக்காரர் இல்லை. சுவர் அழுக்காக இருந்தால் சாப்பாடு இறங்காது அவருக்கு. மாதம் தவறாமல் கூடத்துக்கு வெள்ளையடித்தார், கூரை இறங்க இறங்க வெள்ளையடிக்க ஆட்கள் ஏணி கேட்காமல் இருந்ததை அவர் ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டார். தன் கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, இந்த வேலையே நமக்கு ஒத்துவரவில்லை என்று மனைவியிடம் சொல்வாராம்.

பஸ் டிரைவர் அந்த மழைக்காலத்தில் செத்துப்போனார். ஜன்னல் இல்லாத கூடத்தில் அத்தனை பேரும் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்தார்கள், அவருடைய நெஞ்சுக்கு அது போதவில்லை. விடியும்போது நெட்டை அவரை எழுப்பினான், எழவில்லை. தூக்கிக்கொண்டு போக ஆட்கள் வந்தார்கள். தூக்க முடியவில்லை, தூக்குவதற்கு மேலே இடம் இல்லை. காலைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார்கள். அவருடைய கை இரண்டும் பின்னால் நீண்டு, போகிற வழியில் இருந்தவர்களின் காலை எல்லாம் தொட்டுக்கொண்டு போயிற்று. இதயம் பலவீனம் என்று மருத்துவர் எழுதினார். விசாரணை உண்டா என்று வக்கீல் கேட்டபோது, இது சிறை இல்லையே என்று கண்காணிப்பாளர் பணிவாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு நலக்குழு ஒன்று பார்வையிட வந்தது. பெரிய மனிதர்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் வெள்ளையடித்து, எல்லோருக்கும் புதுச் சட்டை கொடுத்து, வாசல் நிலையின் மேல் பாதியை மறைத்து "வருக வருக" என்று ஒரு துணிப் பதாகை கட்டினார்கள். கண்காணிப்பாளர் குழுவை வாசலிலேயே கைகூப்பி நிறுத்தி, இங்கே பெரியவர் சின்னவர் இல்லை, எல்லோரும் தரையில் சமமாக உட்கார்ந்து பேசுவதுதான் எங்கள் வழக்கம் என்றார். குழுவினருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, பதாகைக்கு அடியில் பணிவாகக் குனிந்து உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தார்கள். சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டார்கள். நெட்டை கூரையைக் கையால் தொட்டுக் காட்டினான். குழுவில் ஒரு அம்மையார், அவன் கடவுளைக் காட்டுகிறான் என்று எண்ணிக் கண்கலங்கினார். அதிகாரிகளும் இல்லவாசிகளும் ஒரே பாயில் உட்காருகிற இடத்தைத் தாங்கள் எங்கும் கண்டதில்லை என்று பாராட்டி எழுதிவிட்டுப் போனார்கள். உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கூடத்தில் குறை ஒன்றும் கண்ணுக்குப் படாது என்பது உண்மைதான்.

கடைசியில் ஒரு பல்லிதான் காட்டிக்கொடுத்தது. அடுத்த விசாரணையின்போது நீதிபதி பேனா மூடியைத் திறந்துவிட்டு, எழுதாமல், திரையையே பார்த்தார். நெட்டையின் காதுக்குப் பக்கத்தில் ஒரு பல்லி ஊர்ந்துகொண்டிருந்தது. "அது என்னய்யா?" என்று கேட்டார். பல்லி அம்மா, மருந்து அடிக்கச் சொல்கிறேன் என்றார் கண்காணிப்பாளர். "பல்லின்னு தெரியுது. அது ஏன் அவர் காதுகிட்டத் தலைகீழா நடக்குது?" பல்லி நெட்டையின் தலைக்கு மேலே போய், அங்கே ஒரு கொசுவைப் பிடித்துத் தின்றுவிட்டு, அடுத்தவர் தலைக்கு மேலே போயிற்று. நீதிபதி அது போன வழியைக் கண்ணாலேயே தொடர்ந்தார். பிறகு, இது சிறை இல்லாததால் வந்து பார்க்கத் தனக்குச் சட்டம் இல்லை என்றாலும், வரக்கூடாது என்றும் சட்டம் இல்லை என்று சொல்லி, மறுவாரம் நேரில் வருவதாக எழுதினார். அன்றைக்கும் வழக்கு தள்ளித்தான் போயிற்று. சுண்ணாம்பு உதிர்ந்தது.

அவர் வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. தங்கையும் வக்கீலும் காலையிலேயே வந்து முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு நாங்களும் கொஞ்சம் பேர் வெளிக்கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அதே புதுச் சட்டைகள், அதே வெள்ளை, அதே பதாகை. கண்காணிப்பாளர் கைகூப்பி, "உள்ள வந்து உக்காருங்கம்மா. நாங்க எல்லாரும் தரையிலதான், சமமா" என்றார். எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தார், ஒன்றை மட்டும் விசாரிக்க மறந்துவிட்டார். நீதிபதி அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் உலோகம் வைத்துத் தைத்திருந்தது. "எனக்குத் தரையில உக்கார முட்டி மடங்காதுய்யா. குனியவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நான் நின்னுக்கிட்டே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நேராக வந்து நின்றார். முன்னால் வந்துகொண்டிருந்த டவாலிக்கு, நீதிபதி ஒரு வாசலுக்கு வந்துவிட்டால் வேறு எதுவும் செய்யத் தெரியாது. இது நீதிமன்றமா கிடங்கா என்றெல்லாம் அவருடைய தொண்டை யோசிக்கவில்லை. "எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று கத்தினார்.

உள்ளே இருந்தவர்கள் அந்தக் குரலைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் உடம்பு மறக்குமா? எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். எழுந்ததும் வந்த சத்தத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. மூட்டை மூட்டையாகத் தேங்காயைக் கல் தரையில் கொட்டினால் ஒரு சத்தம் வரும், அது மாதிரி, ஆனால் மேலேயிருந்து. கட்டடம் அதிர்ந்து பதாகையின் முடிச்சு அவிழ்ந்து துணி கீழே விழுந்தது. நீதிபதியின் மார்புக்கு நேராக, கைக்கெட்டும் தூரத்தில், புது வெள்ளை அடித்த கூரையின் விளிம்பு இருந்தது. அதற்குக் கீழே இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து யாரும் அலறவில்லை. முனகக்கூட இல்லை. எழுந்து நிற்க முடியாத குற்றத்துக்கு என்ன செய்வார்களோ என்று பயந்துபோய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"வெளிய வரச் சொல்லுங்க எல்லாரையும்" என்றார் நீதிபதி. ஒவ்வொருவராகக் கையையும் முட்டியையும் ஊன்றி முற்றத்து வெயிலுக்கு வந்தார்கள். தலையில் வெள்ளையும் ரத்தமும் குழைந்து நெற்றியில் வழிந்தது. வந்தவர்கள் ஒருவரும் நிமிரவில்லை. நிமிரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, மேலே வானம்தான் இருந்தது, ஆனாலும் தலைக்கு மேலே ஒரு கையை வைத்துக்கொண்டே வந்தார்கள். தங்கை அண்ணனைத் தேடினாள். சின்ன வயதிலிருந்து எந்தக் கூட்டத்திலும் மற்றவர்களுடைய தலைக்கு மேலே பார்த்துத்தான் அவனைக் கண்டுபிடித்துப் பழக்கம். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளைக் காணோம் என்றதும் அவனும் டிரைவர் மாதிரி போய்விட்டான் என்று அவளுக்கு உயிரே போய்விட்டது. யாரோ இடுப்புக்குக் கீழே அவளுடைய துணியைப் பிடித்து இழுத்தார்கள். "பாப்பா, இங்கதான் இருக்கேன்."

நீதிபதி அவன் பக்கம் வந்தார். அவரால் குனிய முடியாது, அவனால் நிமிர முடியாது. ஆகவே இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே பேசினார்கள்.

"எப்படிய்யா இது?"

"வாய்தா குடுக்கறப்பல்லாம் எறங்குதும்மா."

"எத்தனை நாளா?"

"மொத வாய்தாலேருந்து."

"ஒரு வாய்தாவுக்கு எவ்வளவு?"

நெட்டை கையை உயர்த்தி விரல்களை விரித்துக் காட்டினான். நீதிபதி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன்னுடைய வலது கையை, பேனா பிடிக்கிற கையை, மெதுவாக அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் விரித்தார். அவர் கை சின்னது. நெட்டையின் சாண் அளவுக்கு வருவதற்கு ரொம்ப நேரம் விரித்துக்கொண்டே இருந்தார், எட்டவில்லை. நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், உட்காரவில்லை. அங்கேயே, வெயிலில் நின்றபடி, அத்தனை வழக்கையும் கேட்டார். கோப்பு இல்லை என்று தொடங்கிய அரசு வக்கீல், நீதிபதி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். வழக்கு முடியும்வரை அவரவர் சொந்தக்காரர்கள் வீட்டில் இருக்கலாம், சொந்தம் இல்லாதவர்களுக்கு அரசு வேறு வீடு பார்த்துத் தரவேண்டும், டிரைவருடைய சாவை விசாரிக்க வேண்டும், கிடங்கில் இனி ஒரு ஆள்கூட இருக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். கிடங்கைப் பூட்டினார்கள். அடுத்த மாதமே அம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. போகும்போது அவருடைய வலது கையில் கட்டுப் போட்டிருந்ததாகச் சொல்கிறார்கள், தானே கதவிடுக்கில் வைத்து நசுக்கிக்கொண்டார் என்பார்கள். நான் பார்க்கவில்லை.

தங்கை அண்ணனைத் தன் ஒற்றை அறைக்குக் கூட்டிவந்தாள். முதுகுக்கு எண்ணெய் தேய்த்தாள், வெந்நீர் ஊற்றினாள், வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே எலும்பு டாக்டரிடம் காட்டினாள். முதுகெலும்பு மடிந்த இடத்திலேயே ஒட்டிப்போயிருக்கிறது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நெட்டை இப்போது மின்விசிறி மாட்டுவதில்லை. வாசற்படியில் உட்கார்ந்து அக்கம்பக்கத்து இஸ்திரிப் பெட்டிகளையும் மிக்ஸிகளையும் பழுது பார்க்கிறான். பெயர் மட்டும் நெட்டை என்றே நின்றுவிட்டது. புதிதாக வருகிறவர்கள் கேலிக்கு வைத்த பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவன் திருத்துவதில்லை. ராத்திரி தூங்கும்போது ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டி வைத்துக்கொண்டுதான் தூங்குகிறான், அதைப் பார்த்துவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அரசு மேல்முறையீடு செய்தது. இல்லவாசிகளைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்பது கோரிக்கை. அந்த வழக்கு நீதிமன்றத்தின் மாடியில் உள்ள பெரிய அறையில், வேறு நீதிபதி முன்னால் வந்தது. கோப்பு வரவில்லை, வாய்தா கொடுத்தார்கள். கிடங்கில் ஆள் இல்லை, பூட்டிக்கிடக்கிறது, ஆகவே அந்த ஒரு சாணுக்கு இறங்க வேறு இடம் இல்லாமல் போயிருக்கும். நீதிமன்ற அறையின் கூரை இறங்கியது. இந்த முறை யாரும் பொறியாளரை அனுப்பவில்லை, மின்விசிறிகளைக் கழற்றிவிட்டார்கள். அடுத்தடுத்த வாய்தாவில் நீதிபதியின் மேடையை எடுத்தார்கள், உயர்ந்த நாற்காலிக்குப் பதில் முக்காலி போட்டார்கள். வக்கீல்கள் குனிந்து வாதாடப் பழகிக்கொண்டார்கள், கறுப்புக் கோட்டின் தோளில் சுண்ணாம்பு இருந்தால் இன்ன அறையிலிருந்து வருகிறார் என்று தெரிந்துகொள்ளலாம். நீதிபதி வரும்போது இனி உட்கார்ந்தபடியே எழுந்து நிற்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. டவாலியும் இப்போது கத்துவதில்லை, குனிந்து, காதோடு சொல்வதுபோல, "முடிஞ்சவங்க எழுந்து நில்லுங்க" என்கிறார்.

போன வாரம் நெட்டையின் வழக்கு மறுபடியும் வந்தது. தங்கை வாசலிலேயே நெற்றியில் இடித்துக்கொண்டாள். முன்னால் போன வக்கீல்கள் ஆளுக்கொரு பக்கம் தலையைத் தேய்த்தபடி வளைந்து நெளிந்து உள்ளே நுழைந்தார்கள். நெட்டை மட்டும் எதிலும் இடிக்காமல், நடையைக்கூட மாற்றாமல், நேராக உள்ளே போய்த் தன் இடத்தில் நின்றான். அரசு வக்கீல் கோப்பைத் தேடிக்கொண்டிருந்தார். தங்கை முட்டியில் தவழ்ந்து அண்ணன் பக்கத்தில் வந்து, அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், விரல்களை விரித்து, தனக்கும் கூரைக்கும் நடுவில் வைத்துப் பார்த்தான்.

"பயப்படாத பாப்பா. இன்னும் ஒண்ணு தாங்கும்" என்றான்.

நீதிபதி பேனா மூடியைத் திறந்தார்.